கம்போடியா வீட்டுக் கை

ஊருணிப்பட்டிக்குள் வந்து சங்கையா வீடு எது என்று கேட்டால், எந்தச் சங்கையா என்று திருப்பிக் கேட்பார்கள். கம்போடியா வீடு எது என்று கேளுங்கள், சின்னப்பிள்ளைகூடக் கை காட்டும். அந்த வீட்டிலிருந்து கம்போடியாவுக்கு யாரும் போனதில்லை. சங்கையா தன் வாழ்நாளில் போன அதிகபட்சத் தூரம் திருச்செந்தூர், அதுவும் மொட்டை போட.

கம்போடியா என்பது ஒரு பருத்தி. வெள்ளைக்காரன் காலத்தில் சர்க்கார் பண்ணையில் கடல் கடந்து வந்த விதையை வளர்த்துப் பார்த்து, குடியானவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஊரில் ஒருவரும் வாங்கவில்லை. நம்ம கருங்கண்ணிப் பருத்தி இருக்கும்போது பேர் தெரியாத தேசத்துப் பருத்தி எதற்கு என்று ஒதுங்கிக்கொண்டார்கள். சங்கையாவின் தாத்தாவுக்கு மட்டும் ஒரு பலவீனம் உண்டு. தொப்பி வைத்த ஆள் எதிரில் வந்து நின்றால் அவர் வாயில் 'மாட்டேன்' என்ற சொல் வராது. வாங்கிக் கிணற்றுத் தோட்டத்தில் போட்டார். காய் வெடித்தபோது நீளநீளமாய் வந்து விழுந்த வெள்ளைப் பஞ்சைப் பார்க்க விருதுநகர் வியாபாரிகள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பயந்து வாங்கிய மனுஷன் துணிந்து வாங்கியவர் ஆகிவிட்டார். ஊர் அவர் கைக்கு ராசி என்று முடிவு கட்டியது.

அன்றிலிருந்து புரட்டாசியில் முதல் மழை விழுந்து கரிசல் இளகியதும், விதைப்புக்கு முன்னால் ஆளாளுக்குக் கம்போடியா வீட்டுக்கு வந்து அழைப்பார்கள். முதல் மூன்று கை விதையை அந்த வீட்டு ஆள் போடவேண்டும். தாத்தாவுக்குப் பின் அப்பா, அப்பாவுக்குப் பின் சங்கையா. தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டி, கிழக்கே பார்த்து நின்று, நிலத்துக்காரர் வீட்டம்மா நீட்டும் ஓலைக் கடகப்பெட்டிக்குள் கையை விட்டு அள்ளி வீசுவார். முடிந்ததும் ஒரு துண்டுக் கருப்பட்டியும் ஒரு சொம்புத் தண்ணீரும். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது, வாங்கவும் கூடாது.

இதில் ஒரு முறை இருந்தது. கடகப்பெட்டியைத் துணி போட்டு மூடியிருப்பார்கள். துணிக்கு அடியில்தான் கையை விடவேண்டும். என்ன விதை என்று கேட்கக் கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. கேட்டுவிட்டால் விதைக்குச் சந்தேகம் தட்டிவிடும், அப்புறம் முளைப்பு சோடை போகும் என்று நம்பிக்கை. கம்பா பருத்தியா உளுந்தா என்பது விரலுக்குத் தெரிந்துவிடும் என்பது வேறு விஷயம். ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் அந்த வீட்டுக்குப் பெருமை. யார் அழைத்தாலும் மறுக்காமல் போவது, எதைக் கொடுத்தாலும் கேட்காமல் போடுவது. சங்கையாவுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் வேறு இருந்திருக்க முடியாது. தாத்தாவின் அந்தப் பலவீனம் ஒரு சொட்டுக் குறையாமல் அவருக்கும் இறங்கியிருந்தது.

அரசாங்கத்துக்கு இந்தச் சங்கதி எப்படித் தெரிந்ததோ, தெரிந்துவிட்டது.

சங்கையாவுக்கு மீசை அரும்பிய காலத்தில் ஒரு கிராமசேவக் யூனியன் ஜீப்பில் சாக்கு மூட்டையோடு வந்து இறங்கினார். ஊரில் அப்போது விறகுக்குப் பெரிய பஞ்சம். காய்ந்த பருத்திமாரும் சாண எருவாட்டியும் தீர்ந்தால் பெண்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டியதுதான். இந்த விதையைக் கண்மாய்க் கரையிலும் புறம்போக்கிலும் தூவினால் போதும், தண்ணீர் வேண்டாம், காவல் வேண்டாம், விறகு தானாக வளரும் என்றார் கிராமசேவக். சொன்னது அத்தனையும் சத்தியம். முதல் கை யார் போட்டது என்று சொல்லவேண்டியதில்லை.

அதுதான் சீமைக்கருவேலம். சங்கையா கையின் ராசி அதற்குப் பலித்த மாதிரி வேறு எதற்கும் பலித்ததில்லை. கரையில் போட்டது கண்மாய்க்குள் இறங்கியது. ஆடு நெற்றைத் தின்றுவிட்டுப் போன இடமெல்லாம் முளைத்தது. தரிசை மூடி, வண்டிப்பாதையை மூடி, சுடுகாட்டையும் மூடியது. காலில் முள் ஏறினால் ஊர்க்காரர்கள் நொண்டிக்கொண்டே, "கம்போடியா வீட்டு ஆசீர்வாதம்" என்பார்கள். சங்கையாவும் சேர்ந்து சிரித்துக்கொள்வார். ஆனால் வானம் பொய்த்து வெள்ளாமை ஒன்றுமில்லாமல் போன வருஷங்களில், அதே முள்ளை வெட்டிக் கரிமூட்டம் போட்டு விற்றுத்தான் பாதி ஊர் கஞ்சி குடித்தது. அதனால் அந்த மரத்தை வாய் நிறையத் திட்டவும் ஆளில்லை, பாராட்டவும் ஆளில்லை. கெடுத்ததும் அதுதான், காப்பாற்றியதும் அதுதான் என்றால் ஒரு மனுஷன் என்ன கணக்கில் சேர்ப்பான்?

அதற்குப் பிறகு வந்தவை வந்தன, போனவை போயின. சவுண்டல் மரம் வந்தது, ஆடுகள் சந்தோஷப்பட்டன. சூரியகாந்தி வந்தது, கிளிகள் சந்தோஷப்பட்டன. சோயா வந்தபோது சந்தோஷப்பட ஒருவரும் இல்லை; வாங்க ஆளில்லை, எப்படிக் குழம்பு வைப்பது என்று எந்தப் பெண்ணுக்கும் தெரியவும் இல்லை. எல்லாவற்றுக்கும் முதல் கை சங்கையாதான். ஒரு பருவத்தோடு போகிற நஷ்டம் என்பதால் யாரும் அவரைக் குறை சொன்னதில்லை.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் காட்டாமணக்கு வந்தது.

ரேஷன் கடை வாசலில் கூட்டம் போட்டார்கள். சூலக்கரை ஆபீஸிலிருந்து சீனிவாசகம் என்ற அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். சின்ன வயசு, நல்ல மனுஷன். மோர் கொடுத்தால் இரண்டு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிப்பார். காட்டாமணக்கு விதையிலிருந்து டீசல் எடுக்கப்போகிறார்கள், அதில் பஸ் ஓடும், டிராக்டர் ஓடும் என்று சொன்னார். நாற்று இலவசம். மூன்றாம் வருஷத்திலிருந்து காய்க்கும். ஒருதரம் நட்டால் ஒரு தலைமுறைக்குக் கவலை இல்லை. கம்பெனி ஊருக்கே வந்து எடுத்துக்கொள்ளும்.

"ஆடு கடிக்காதாம்ல சார்?" என்று கேட்டார் தனுஷ்கோடி. கூட்டத்தில் குதர்க்கம் பேச ஊருக்கு ஓர் ஆள் வேண்டும், அந்தப் பொறுப்பு அவருடையது.

"கடிக்காது. அதுதான் இதுல விசேஷம்."

"ஆட்டுக்கு இருக்கிற புத்தி நமக்கு வேணாமா சார்?"

கூட்டம் சிரித்தது. சீனிவாசகமும் சிரித்துவிட்டுத்தான் பேசினார். "வெளிநாட்டுச் செடின்னு பயப்படாதீங்க. நீங்க சாப்பிடுற மிளகா எங்கிருந்து வந்துச்சு? நெலக்கடலை எங்கிருந்து வந்துச்சு? எல்லாம் கப்பல்ல வந்து எறங்குனதுதான். அம்புட்டு ஏன், இந்தா ஒக்காந்திருக்காரே ஐயா, இவுக வீட்டுப் பேரே என்ன பேரு?"

எல்லோரும் சங்கையாவைத் திரும்பிப் பார்த்தார்கள். சங்கையா துண்டைச் சரிசெய்துகொண்டார். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சீனிவாசகம் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் சங்கையாவுக்கு மனசுக்குள் ஏதோ ஒன்று நெருடியது.

நெருடியது என்ன என்று வீட்டில் ராமுத்தாய் போட்டு உடைத்தாள். சங்கையாவின் சம்சாரம் அவள். குதிரைவாலியைப் புடைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்: "வேலியில நிக்கிறத வயலுக்குள்ள கூப்பிடுறாகளாக்கும். போன மளைக்கு நம்ம வடக்குவேலி மூலையில தண்ணி நின்னு, அங்கன இருந்த காட்டாமணக்கு அம்புட்டும் வேரழுகிச் சாஞ்சுச்சா இல்லையா? கரிசல்ல ஐப்பசி பூரா தண்ணி நிக்கும். நம்ம நெலத்துல அது வேணாம். சொல்லிட்டேன்."

"நான் போடுறேன்னு சொல்லலையே."

"வேணாம்னும் சொல்லலைல்ல. ஒங்களத் தெரியாதா எனக்கு."

தன் நிலத்தில் அவர் குதிரைவாலிதான் போட்டார். அது அவர் சொந்த நிலம், அங்கே ராமுத்தாய் சொல்வதுதான் சட்டம். ஊரார் நிலம் வேறு. அங்கே அவர் வெறும் கை.

கூட்டம் முடிந்து சில நாளில் ஒவ்வொருவராக வந்து அழைக்க ஆரம்பித்தார்கள். சங்கையா கை வைத்தால் பார்க்கலாம் என்று ஊர் நினைத்தது. ஊரே அழைக்கிறதே, அப்படியானால் விசாரித்துத்தான் முடிவு செய்திருப்பார்கள் என்று சங்கையா நினைத்தார். ஒருத்தர் முதுகை ஒருத்தர் பார்த்துக்கொண்டு ஊரே வரிசையில் நின்றது. வரிசையின் முன்னால் யார் நிற்கிறார் என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அப்படி அழைக்க வந்தவர்களில் ஒருத்தி மாடத்தி. அவள் தெருவிலிருந்து அந்த வீட்டுக்கு விதைப்புக்கு அழைக்க யாரும் வந்ததில்லை. அழைப்பதற்கு நிலம் இருந்தால்தானே. மாடத்தியின் அம்மாவும் மாமியாரும் இதே சங்கையா வீட்டுக் காட்டில் களை வெட்டியவர்கள். மாடத்தியும் அவள் புருஷன் முத்துக்கருப்பனும் அச்சங்குளத்துப் பக்கம், பட்டாசு ஆபீஸ் என்று ஊர் சொல்லும் தொழிற்சாலை ஒன்றுக்கு வேலைக்குப் போய், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, கீழக்காட்டில் ஒரு துண்டு நிலம் வாங்கியிருந்தார்கள். கீழக்காடு ஊரிலேயே பள்ளமான இடம். மேட்டு நிலத்தை அந்தத் தெருவுக்கு விற்க எவனுக்கும் மனசு வரவில்லை. இதை வெளியே சொல்லமாட்டார்கள், ஆனால் நடந்தது அதுதான்.

முத்துக்கருப்பனுக்கு வெடிமருந்து கலக்கிற ரூமில் வேலை. தனியாகத் தள்ளிக் கட்டியிருக்கும் அறை, நாலு பக்கமும் வாசல். ஒரு பொறி போதும். சீசன் நெருங்கி ஆர்டர் குவியும்போது மாடத்திக்குச் சோறு இறங்காது. அவன் சாயங்காலம் கம்பெனி வண்டியில் வந்து இறங்கும்வரை காது ரோட்டிலேயே இருக்கும். எங்கோ ஒரு சத்தம் கேட்டால் அந்தத் தெருப் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வருவார்கள். நிலம் காய்க்க ஆரம்பித்ததும் அவனை அந்த ரூமிலிருந்து வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். அவள் நிலம் வாங்கியது அதற்காக மட்டும்தான்.

வாசலில் நின்றபடியே பேசினாள். "ஐயா, நாளைக்கு எங்க காட்டுக்கு வரணும். மொத நாத்து நீங்க வைக்கணும்."

"வாரேன் தாயி."

அவள் போகவில்லை. சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கேக்கக் கூடாதுன்னு சொல்லுவாக. நான் புதுசு, எனக்கு மொறை தெரியாது. மூணு வருசத்துல காச்சா அவரு அந்த ரூமுக்குப் போக வேண்டாம்னு இருக்கேன். இது நல்லா வருமாய்யா?"

உள்ளே ராமுத்தாய் சுளகைத் தட்டுவதை நிறுத்தினாள். சங்கையாவுக்கு வடக்குவேலி மூலை ஞாபகம் வந்தது. கீழக்காட்டில் ஐப்பசியில் தவளை கத்துவதும் ஞாபகம் வந்தது. சொல்லலாம். சொன்னால் நாளைக்கு ஊர் பேசும்: கம்போடியா வீட்டுக்காரர் விதையைக் குறை சொன்னார், ஓர் ஆளுக்குச் சொன்னார், மற்றவர்களுக்குச் சொல்லவில்லை. முறை கெட்டுவிடும். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"கைய வைக்கிறதுதான் தாயி என் வேலை. வாய வைக்கிறது இல்ல."

மாடத்தியும் சிரித்தாள். பெரியவர் விளையாட்டாகப் பேசுகிறார், அப்படியானால் கவலை ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் கீழக்காட்டில் ஒரு சிக்கல். விதை என்றால் கடகப்பெட்டியில் மூடி வைக்கலாம். இது பிளாஸ்டிக் பையில் நிற்கிற நாற்று. முறை தப்பக் கூடாது என்று முத்துக்கருப்பன் தன் துண்டை எடுத்து நாற்றுக்கு முக்காடு போட்டுவிட்டான். கல்யாணப் பெண்ணைக் கூட்டி வருகிற மாதிரி ஏந்திக்கொண்டு வந்தான். இலை துண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சங்கையா அதைப் பார்க்காத மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, கையால் தடவிக் குழியில் இறக்கி மண்ணைத் தள்ளினார். முத்துக்கருப்பன் கை விரல்களில் அலுமினியப் பொடி நகக்கண்வரை வெள்ளியாக ஏறியிருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது என்றான். மாடத்தி கருப்பட்டி கொடுத்தாள். அன்று சங்கையா அதைத் தின்னாமல் மடியில் முடிந்துகொண்டு போனார்.

ஐப்பசியில் மழை நன்றாகவே பெய்தது. மற்ற வருஷமாக இருந்தால் கொண்டாடியிருப்பார்கள். மேட்டு நிலங்களில் காட்டாமணக்கு தப்பியது. கீழக்காட்டில் தண்ணீர் வாரக்கணக்கில் நின்று, வடிந்தபோது பாதி நாற்று தொட்டால் கையோடு வந்தது. சீனிவாசகம் வந்து பார்த்துவிட்டு உண்மையாகவே வருத்தப்பட்டார். மாற்று நாற்று வாங்கிக் கொடுத்தார். மேலிடத்தில் இலக்கு வைத்து, இவ்வளவு ஏக்கர் காட்டவேண்டும் என்றுதான் சொன்னார்களே தவிர எந்த மண்ணில் என்று யாரும் சொல்லவில்லை என்று சங்கையாவிடம் மெதுவாகச் சொன்னார். சங்கையாவுக்கு அந்த மனுஷன் மேல் கோபம் வரவில்லை. அவரும் தன்னைப்போல வெறும் கை என்று பட்டது.

மூன்றாம் வருஷம் பிழைத்த செடிகள் தளதளவென்று இலை விட்டன. இலையில் பஸ் ஓடாது. காய்த்த கொஞ்சமும் ஒன்றாகப் பழுக்கவில்லை. இன்று ரெண்டு, நாளைக்கு நாலு என்று பழுத்ததை அன்றாடம் பறிக்க ஆள் வேண்டும். ஊர்ப் பெண்கள் எல்லாம் பட்டாசு ஆபீஸிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் இருந்தார்கள். மாடத்தி ஞாயிற்றுக்கிழமைகளில் தானே பறித்தாள். ஒரு சாக்கு சேர்ந்தது. கம்பெனி வரவில்லை. போன் எடுக்கவில்லை. சூலக்கரைக்குப் போய்க் கேட்டால், சீனிவாசகம் சாருக்கு மாறுதல் ஆகிவிட்டது, புதுத் திட்டம் வேறு வந்திருக்கிறது என்றார்கள். கடலை என்று பிள்ளைகள் எடுத்துத் தின்றுவிட்டால் வாந்தியும் பேதியும் ஆகும் என்று மாடத்தி அந்தச் சாக்கை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டாள்.

முத்துக்கருப்பன் மருந்து ரூமுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தான்.

அந்த ஆவணியில், தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் நின்ற ஒரு மத்தியானம், அவன் ரூமில் பொறி விழுந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. நாலு வாசலில் ஒரு வாசல் வழியாக வெளியே விழுந்ததால் உயிர் தப்பியது. வலது கை தப்பவில்லை. சாத்தூரில் காட்டி, மதுரையில் கிடந்து, வீட்டுக்கு வந்தபோது விரல்கள் பாதி மடங்கியும் பாதி நிமிர்ந்தும் அப்படியே நின்றுவிட்டன. மூடவும் வராது, விரிக்கவும் வராது. இனி அந்த ரூமுக்குப் போகவேண்டியதில்லை. மாடத்தி வேண்டிக்கொண்டது அதுதான், ஆனால் இந்த வழியாக அல்ல.

சங்கையா பார்க்கப் போனார். அந்தத் தெருவுக்குள் அவர் காலெடுத்து வைத்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. முத்துக்கருப்பன் கட்டுப்போட்ட கையோடு எழுந்திருக்கப் பார்த்தான். "வாங்கய்யா. சாப்பிட்டீகளா?" என்றான். சங்கையா பார்வையை மேலே திருப்பினார். தலைக்கு மேல் உத்தரத்தில் அந்தச் சாக்கு தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு அவமானமாக இருந்தது. அவன் ஏதாவது திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ராமுத்தாய் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அந்தப் புள்ள வாய் விட்டுக் கேட்டுச்சு. நான் உள்ளதான் இருந்தேன்."

அதற்குள் ஊரில் எல்லோரும் காட்டாமணக்கைப் பிடுங்க ஆரம்பித்திருந்தார்கள். புரட்டாசி வந்தது. சங்கையா சட்டையைப் போட்டுக்கொண்டு காலையிலேயே தயாராக உட்கார்ந்தார். ஒருவரும் வரவில்லை. சண்டை கிடையாது, பேச்சு கிடையாது. எதிரில் பார்த்தால் நலம் விசாரித்தார்கள். விடிவதற்கு முன்பே போய்த் தாங்களாகவே விதைத்துவிட்டு வந்தார்கள், அவ்வளவுதான். தனுஷ்கோடிகூட ஒரு குத்தல் பேசவில்லை. அவர் பேசாமல் போனதுதான் சங்கையாவைப் பலமாகத் தைத்தது. அடுத்த புரட்டாசியிலும் அதே கதை. சட்டையைப் போட்டுக்கொண்டு உட்காருவதை மட்டும் சங்கையா நிறுத்தவில்லை.

"கழட்டி வச்சிட்டு வந்து சாப்பிடுங்க" என்று அந்தப் புரட்டாசியில் ஒரு காலை ராமுத்தாய் இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டாள். மூன்றாம் தரம் கூப்பிட வாயெடுத்தபோது வாசலில் மாடத்தி நின்றாள். இடுப்பில் கடகப்பெட்டி. அதன் மேல் ஒரு வெள்ளைத் துணி.

சங்கையா எழுந்து நின்றார். சந்தோஷப்படுவதா, ஓடி ஒளிவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"வேற ஆளப் பாரு தாயி," என்றார். "இந்தக் கையில ராசியெல்லாம் ஒண்ணும் இல்ல. இருந்திருந்தா..."

"கைக்காக வரலய்யா," என்றாள் மாடத்தி. குரலில் கோபம் இல்லை. இருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அன்றும் அவருக்குத் தோன்றியது. "அன்னைக்கு இதே எடத்துல நின்னு ஒரு வார்த்தை கேட்டேன். அதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல. அத வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

கடகப்பெட்டியைத் தரையில் இறக்கி, துணியை உருவி எடுத்தாள். உள்ளே மக்காச்சோளம். மருந்து தடவி ரோஸ் நிறம் ஏறிய விதை.

"கோளித் தீவனத்துக்கு வாங்குறாகளாம். சாத்தூர் வியாபாரிய நானே போய்ப் பாத்துட்டேன். போன வருசம் வித்தவுக ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டேன். யாரும் எனக்கு எலவசமாத் தரல, கேட்டு வாங்கினது. இன்னும் கேக்க வேண்டிய ஆளு நீங்க ஒருத்தர்தான்." அதே கேள்வியைக் கேட்டாள். "இது நல்லா வருமாய்யா?"

மக்காச்சோளமும் கப்பலில் வந்ததுதான். சீனிவாசகம் இருந்தால் சொல்லியிருப்பார். எங்கிருந்து வந்தது என்பதில் ஒன்றும் இல்லை என்று சங்கையாவுக்கு அப்போது புரிந்தது. தாத்தா பருத்தியை வாங்கியபோது வாயைத் திறக்கவில்லை, தப்பித்தார். தான் முள்ளைத் தூவியபோது வாயைத் திறக்கவில்லை, ஊர் சிரித்துவிட்டு விட்டது. மூன்றாவது தரம் அந்த மௌனத்துக்கு ஒரு கை போயிருக்கிறது, அதுவும் தன் கை இல்லை.

அவர் உட்காரவில்லை. "வா, காட்டப் பாப்போம்," என்று செருப்பை மாட்டினார்.

கீழக்காட்டை ஒரு சுற்று நடந்தார். காட்டாமணக்குப் பிடுங்கிய குழிகள் இன்னும் முழுக்கத் தூர்ந்துபோகவில்லை. முத்துக்கருப்பன் வரப்பில் நின்றிருந்தான். சங்கையா குனிந்து மண்ணை அள்ளிப் பார்த்தார், எழுந்து வாய்க்கால் பக்கம் போனார், திரும்பி வந்தார். ஊர்க்காரர்கள் ஒன்றிரண்டு பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டு மாடத்தியிடம் சத்தமாகவே சொன்னார்.

"மேக்க வரும் தாயி. தைரியமாப் போடு. கெளக்கால இந்தப் பள்ளத்துல போடாத, தண்ணி நின்னா இதுவும் அளுகிப் போகும். அங்கன குதிரைவாலிதான் தாங்கும். வெலை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது, அத நான் சொல்ல முடியாது." மூச்சு வாங்கிக்கொண்டார். "காட்டாமணக்கு வராதுன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும். என் நெலத்துல நான் போடல. ஒங்கிட்டச் சொல்லியிருக்கணும்."

மாடத்தி தலையை மட்டும் அசைத்தாள். தெரியும் என்கிற அசைவு. பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை, சொல்லவேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை.

பிறகு கடகப்பெட்டியை அவர் முன்னால் நீட்டினாள். சங்கையா தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். மூடாத பெட்டிக்குள் முதல் தடவையாகக் கண்ணால் பார்த்துக் கையை விட்டு, ஒரு கை அள்ளி வீசினார். ஒன்றோடு நிறுத்திக்கொண்டு பெட்டியை முத்துக்கருப்பன் பக்கம் தள்ளினார்.

"மிச்சம் ரெண்டும் நீ போடுப்பா."

முத்துக்கருப்பன் தயங்கினான். இடது கையை நீட்டினான். என்ன நினைத்தானோ, அதை இழுத்துக்கொண்டு வலது கையைப் பெட்டிக்குள் விட்டான். மூட வராத விரல்களில் கொஞ்சம் விதைதான் தங்கியது. வீச ஓங்குவதற்குள் விரலிடுக்கு வழியாக ஒழுக ஆரம்பித்தது. அவன் முகம் சுருங்கியது. மாடத்தி சட்டென்று அவன் பக்கத்தில் போய், தன் கையை அவன் கைக்கு அடியில் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து வீசினார்கள். விதை மேற்குப் பக்கமாக நன்றாகவே போய் விழுந்தது.

மாடத்தி முந்தியில் முடிந்திருந்த கருப்பட்டியை எடுத்து நீட்டினாள். சங்கையா அதை வாங்கிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து தின்றார்.